பிணை

கடன் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் கடன்; செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். பொருளியல் விரிவுரைகளில் முதலாவதை மட்டுமே படிக்கின்றோம். எங்கள் வீட்டிலோ இவ்விரண்டும் பிரித்தறிய முடியாதவாறு ஒன்றாய்க் கிடந்தன.

போரின் பின் மீளக்குடியமர்ந்த வன்னிக் குடும்பங்களுள் எங்களதும் ஒன்று. 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வடக்கில் விரிவாகத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின்கீழ் புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. அது நன்கொடை, கடனன்று. ஆயினும் அவ்வீட்டின் பொருட்டு நாங்கள் கடன்பட்டோம். காரணம் எளிது. பணம் ஒரே தடவையிற் கிடைப்பதில்லை. அத்திவாரம் முடிந்தால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் இன்னொரு பகுதி என்று கட்டங்கட்டமாகவே வங்கிக் கணக்கை வந்தடையும். ஒரு கட்டத்தை முடித்துக் காட்டினாலன்றி அடுத்த பணம் வராது. அடுத்த பணம் வராமல் அக்கட்டத்தை முடிக்க இயலாது. ஊர் முழுவதும் ஒரே காலத்தில் வீடு கட்டியமையால் மணலின் விலையும் மேசன்மாரின் கூலியும் நாளுக்கு நாள் ஏறின. முதலில் அம்மாவின் தாலிக்கொடி அடைவுக்குப் போயிற்று. அதுவும் போதாமற் போகவே, 2014இல், கூரை மரத்துக்காக ஒரு நுண்கடன் நிறுவனத்திடம் 60,000 ரூபா பெற்றோம்.

அக்கடனைத் தனியொருவருக்குக் கொடுக்கமாட்டார்கள். ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேரவேண்டும்; ஒருவர் தவணை தவறினால் மற்றைய நால்வரும் பொறுப்பு. வட்டி ஆண்டுக்கு 24 வீதம் என்று சொன்னார்கள். 60,000 ரூபாவுக்கு வட்டி 14,400, ஆக 74,400, மாதம் 6,200 வீதம் பன்னிரண்டு மாதம். அப்போது நான் ஆரம்பப் பாடசாலை மாணவன். கணக்குச் சரியென்றே எனக்குப் பட்டது.

பல்கலைக்கழகத்தின் முதலாம் வருடத்திலேதான் அது சரியன்று என்பதைக் கண்டேன். மாதந்தோறும் கட்டும் 6,200 ரூபாவில் 5,000 முதலுக்குரியது. ஆறு மாதம் கழிந்தால் எங்களிடம் எஞ்சியிருப்பது 30,000 மட்டுமே. ஆனால் வட்டியோ இறுதிவரை 60,000 ரூபாவுக்கே அறவிடப்படுகின்றது. கடைசி மாதத்தில் மிகுந்திருந்த முதல் 5,000 ரூபா. அதற்கு அந்த ஒரு மாத வட்டி 1,200 ரூபா! குறைந்து செல்லும் நிலுவைக்கு வட்டி கணித்தால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 42 வீதமாகும். தவணைமுறையிற் பொருள் வாங்கும் நண்பர்கள் இந்த ஒரு வேறுபாட்டையாவது கேட்டறிந்து கையொப்பமிடுவாராக. 'எத்தனை வீதம்' என்று கேட்பது போதாது; 'எந்தத் தொகைக்கு' என்றும் கேட்டல் வேண்டும்.

கண்டுபிடித்த பெருமிதத்தோடு விடுமுறைக்கு வீடு சென்று, கொப்பியை விரித்து அம்மாவுக்கு விளக்கினேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தினை எண்டு எனக்குத் தெரியாது, தம்பி. கூட எண்டு தெரியும். வங்கியிலை குறைவு எண்டும் தெரியும். அங்கை ரெண்டு அரசாங்க உத்தியோகத்தர் பிணை நிக்கவேணும் எண்டவை. எங்களுக்கு ஆர் நிக்கிறது? இவளவை நாலு பேருந்தானே நிண்டவளவை."

கொப்பியை மூடிவிட்டேன். பிணை நிற்க ஆளுள்ளவனுக்கு ஒரு விலையும் இல்லாதவனுக்கு வேறொரு விலையுமாகவே கடன் விற்கப்படுகின்றது என்பதை என் சூத்திரம் சொல்லித் தரவில்லை. 1945 முதல் வழக்கில் இருந்துவரும் இலவசக் கல்வியினால், அமெரிக்க மாணவர் பலரைப் போல நாம் பட்டத்தோடு கடனையும் சுமந்து வெளியேறுவதில்லை. அது சிறு பேறன்று. ஆயினும் மகாபொலவின் முதற் கொடுப்பனவு வரும்வரை அறை வாடகை காத்திருப்பதில்லை. மீட்டெடுத்த தாலிக்கொடி என்பொருட்டு மறுபடியும் அடைவுக்குப் போனதை அம்மா எனக்குச் சொல்லவில்லை. வெறுங்கழுத்தைக் கண்டே அறிந்தேன்.

சென்ற விடுமுறையில், அந்த நால்வருள் ஒருவரான மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய வீடு இன்னும் பூச்சுப் பூசாமல், யன்னலுக்குச் சாக்குக் கட்டிய நிலையில் நிற்பது. வங்கியிற் கடன் கேட்டிருக்கிறாராம். அக்கா இப்போது அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. "பிள்ளை, நீ ஒரு கையெழுத்து வைக்கவேணும்" என்றார். விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமலே போய்விட்டார்.

அன்றிரவு நான் வேண்டாமென்றே வாதிட்டேன். கடன் பெற்றவர் கட்டத் தவறினால் பிணையாளியின் சம்பளத்தில் வங்கி கைவைக்கும். கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அக்காவின் பெயருக்கு எதிரேயும் அக்கடன் பதிவாகும். நாளை அவர் தமக்கென வீட்டுக்கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கக்கூடும். சொன்னவை யாவும் உண்மையே. அம்மா ஒன்றுமே பேசவில்லை. நெடுநேரத்தின் பின் அக்காதான் சொன்னார்: "அப்பா காய்ச்சலாய்க் கிடக்கேக்கை எங்கடை தவணையை ரெண்டுதரம் மாமிதான் கட்டினவ. உன்ரை கொப்பியிலை அது எந்த வரியிலை வருது?"

மறுநாட் காலை விண்ணப்பத்தை என்னிடம் தந்து ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார். வட்டி குறைந்து செல்லும் நிலுவைக்கே என்பதை இருமுறை பார்த்தோம். தவணைக் காலம், தாமதக் கட்டணம், பிணையாளியின் பொறுப்பு எல்லாவற்றின் கீழும் பென்சிலாற் கோடிட்டேன். அக்கா கையொப்பமிட்டார். அதன் பின் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பிரதியொன்று எடுப்பதற்காகச் சந்திக் கடைக்குப் போனேன்.