முகச் சுருக்கமும் முகவரியற்ற கைகளும்

முதுமை எவரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நாற்பதைக் கடந்த ஏதோ ஒரு நாளில் கண்ணாடியின் முன் நிற்கும்போது நெற்றியிலே உழுசால் போன்ற வரிகளும், கண்ணோரத்திலே மெல்லிய கோடுகளும், இதழ்களின் இருபுறமும் ஆழ்ந்த மடிப்புகளும் தென்படுகின்றன. அவை வாழ்ந்ததன் அடையாளங்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோர் உளர். தேற்றிக்கொள்ள இயலாமல் வருந்துவோரும் உளர். இரு சாராரையும் நாம் அறிவோம். பின்னவரைப் பார்த்து நகைக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அந்த நகைப்பினால் விளைகிற தீங்கைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

திண்டுக்கல் வாழ் பெண்டிர் முகப்பொலிவுக்கு நெடுங்காலம் நம்பியிருந்தவை கஸ்தூரி மஞ்சளும் கடலைமாவும் பன்னீருமே. இன்றோ கடைத்தெருவிலே நடந்து சென்றால் அழகு நிலையங்களின் பலகைகள் வரிசையாக வரவேற்கின்றன. சுருக்கம் நீக்க ஊசி, தோலை உரித்துப் புதுப்பிக்கும் திரவம், ஒளிக்கதிர்ச் சிகிச்சை என்று அறுவையில்லாத முறைகள் பலவும் பேசப்படுகின்றன. பேகம்பூரிலும் நாகல்நகரிலும் நிக்காஹ் வீட்டுப் பந்தியில் பெண்கள் தாழ்ந்த குரலில் இவற்றைப் பற்றி உரையாடுகிறார்கள். உரத்துக் கேட்பார் எவருமில்லை.

முதலில் சுருக்கம் ஏன் விழுகிறது என்பதைக் காண்போம். வயது ஒரு காரணம். வெயில் அதனினும் பெரிய காரணம். சிறுமலைக்குக் கீழே விரிந்து கிடக்கும் நம் சமவெளியின் வெயிலை வருணிக்க வேண்டியதில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் சுமைவண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. சன்னலை ஒட்டியிருந்த இடக்கன்னம் மட்டும் தொங்கித் திரைந்து, அவருடைய முகம் இரு வேறு வயதினரின் பாதிகளை ஒட்டவைத்ததுபோல் இருந்தது. கண்ணாடியை ஊடுருவிவரும் புறஊதாக் கதிர் செய்த வேலை அது. நம் நாட்டு ஓட்டுநர்கள் வலப்புறம் அமர்கிறார்கள். அவர்கள் தம் வலக்கன்னத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். புகைபிடித்தலும் தோலை விரைவில் திரையச் செய்யும். சுருட்டுக்கும் புகையிலைக்கும் பெயர் பெற்ற ஊரிலிருந்து இதனை எழுதுகிறோம்.

ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்னும் ஊரில் 903 பேரிடம் நாலரை ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. வெயில்காப்புக் களிம்பை நாள்தோறும் பூசியவர்களின் தோல், விரும்பியபோது மட்டும் பூசியவர்களின் தோலைவிட 24 விழுக்காடு குறைவாகவே மூப்படைந்திருந்தது. ஆதலால் எந்த ஊசிக்கும் முன்னே நிற்கவேண்டியது குடையும் முக்காடும் வெயில்காப்புக் களிம்புமே.

அடுத்து, ஊசிகளைப் பற்றிச் சில சொற்கள். கெட்டுப்போன இறைச்சி உணவில் தோன்றி ஆளையே கொல்லும் நஞ்சு ஒன்றுண்டு. ஜெர்மானிய மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர் 1820ஆம் ஆண்டையொட்டி அதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். தசைக்கு நரம்பு இடும் கட்டளையை அந்நஞ்சு தடுத்துவிடுகிறது. அதையே மிக நுண்ணிய அளவில் மருந்தாக்கலாம் என்று கண்டவர் அமெரிக்கக் கண்மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும் அதைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 1989இல் அனுமதி அளித்தது. இமைத்துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவநெரிப்புக் கோடுகளும் மறைவதைக் கண்ட கனடா நாட்டுக் கரதர்ஸ் தம்பதியர் 1992இல் அதனை வெளியிட்டனர். அழகுக்கான அனுமதி அமெரிக்காவில் 2002இல் வந்தது. ‘போடாக்ஸ்’ என்று ஊரார் சொல்வது இதனையே. இதன் பயன் மூன்று நான்கு திங்களில் தேய்ந்து மறையும்.

பள்ளத்தை நிரப்பும் ஊசி மருந்து வேறு. நம் உடலிலேயே இயல்பாக உள்ள ஹயலூரானிக் அமிலம் கொண்டு செய்யப்படுவது அது. கைதேர்ந்தவர் போட்டால் மடிப்பு நிரம்பும். இரத்தக் குழாய்க்குள் அது புகுந்துவிட்டாலோ தோல் அழுகும். அரிதாகப் பார்வையே பறிபோகும். அந்நிலையில் அதனைக் கரைக்கும் மாற்றுமருந்து உடனே கிடைக்கவேண்டும். தோல் உரிக்கும் அமிலங்களுக்கும் ஓர் அளவு உண்டு. அளவு மீறினால் நம் போன்ற மாநிறத்தார்க்குப் புண் ஆறிய இடத்தில் கருமை படிவது பெரும்பாலும் நேர்வது. இரவில் பூசும் டிரெடினாயின் களிம்பு மெல்லிய சுருக்கங்களைக் குறைக்கும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. ஆனால் கருவுற்ற பெண்கள் அதனைத் தொடலாகாது. இவை யாவும் மருத்துவம் என்பதும், ஒப்பனை அன்று என்பதும் இதனால் விளங்கும்.

எம் உறவில் மூத்த சகோதரி ஒருவர் உளர். மகளின் நிக்காஹுக்கு ஒரு திங்கள் இருக்கையில், கன்னத்துச் சுருக்கத்தைப் போக்கித் தருவதாகச் சொன்ன ஓர் அழகு நிலையத்தின் பின்னறைக்குச் சென்றார். ஏதோ ஒரு திரவத்தைப் பூசினார்கள், எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பொருள் என்றார்களாம். மூன்றாம் நாள் தோல் உரிந்தது. பத்தாம் நாள் இரு கன்னங்களிலும் கருந்திட்டு படிந்தது. அதுவரை முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு வீட்டாரிடமும் மறைத்திருந்தார்.

மதுரையில் ஒரு தோல்மருத்துவரிடம் நாம் அழைத்துச் சென்றோம். பூசிய மருந்தின் பெயர் என்ன என்பதே மருத்துவரின் முதற் கேள்வி. புட்டியும் இல்லை, சீட்டும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. என்னவென்று அறியாத ஒன்றின் விளைவுக்கு அவர் மருத்துவம் பார்க்க நேர்ந்தது.

திரும்பும் வழியில், “ஏன் அக்கா, முதலிலேயே டாக்டரிடம் வந்திருக்கலாமே?” என்று கேட்டோம்.

“டாக்டர்கிட்டப் போனா, இந்த வயசுல இவளுக்கு மினுக்கு கேக்குதான்னு வீட்ல சிரிப்பீங்க தம்பி. பார்லருக்குப் போனா, கல்யாண வீட்டுக்காரின்னு விட்டுருவீங்க” என்றார்.

அந்த விடைக்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. நிக்காஹ் நாளில் எல்லாப் படங்களிலும் அவர் பின்வரிசையிலேயே நின்றார். திட்டு மங்குவதற்கு ஓராண்டுக்கு மேலாயிற்று, முற்றிலும் மறையவில்லை.

அந்தப் பின்னறையை நடத்துவது மருந்தோ கருவியோ அன்று, வாடிக்கையாளரின் வெட்கமே. மறைத்து வருகிறவர் சான்றிதழ் கேட்கமாட்டார், சீட்டுக் கேட்கமாட்டார், தீங்கு நேர்ந்தால் புகாரும் செய்யமாட்டார். போலிக்கு இதனினும் நல்ல மூலதனம் வேறில்லை.

இஃது ஒரு வீட்டுக் கதையன்று. 2016இல் சென்னையில் தலைமுடி நடும் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரே உயிரிழந்தார். அந்நிலையத்துக்கு முடிதிருத்தகத்துக்குரிய உரிமமே இருந்ததாகப் பின்னர்த் தெரியவந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், உரிமம் பெறாத ஓர் அழகு நிலையம் 2018இல் மூடப்பட்டது. இரத்தத்தை எடுத்து நுண்ணூசியால் முகத்தில் ஏற்றும் சிகிச்சை அங்கே செய்யப்பட்டுவந்தது. அதனைச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024இல் வெளியிட்டது.

அங்ஙனமாயின் தக்க மருத்துவரை அறிவது எவ்வாறு? முதலாவது, பட்டம். தோல்மருத்துவத்தில் எம்.டி. அல்லது பட்டயம் பெற்றவரா, ஒட்டறுவைத் துறையில் எம்.சிஎச். பெற்றவரா என்று பார்க்கவேண்டும். சில வாரப் பயிற்சியில் தரப்படும் அழகுக்கலைச் சான்றிதழ் மருத்துவப் பட்டம் ஆகாது. யூடியூபில் பார்ப்பது போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் தலைமுடி நடுதல் பற்றிய நெறிமுறைகளில் எழுதவேண்டி வந்தது. இரண்டாவது, பதிவெண். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த ஒவ்வொரு மருத்துவருக்கும் ஓர் எண் உண்டு. பதிவின்றி மருத்துவம் செய்வோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. மூன்றாவது, ஊசி போடும் கை. பலகையில் மருத்துவர் பெயரும், அறைக்குள் உதவியாளர் கையும் இருப்பின் எழுந்து வந்துவிடுவதே நலம்.

நான்காவது, மருந்துப் புட்டியை நம் கண்முன் திறக்கச் சொல்லி, பெயரையும் காலாவதி நாளையும் படித்துக் குறித்துக்கொள்ளவேண்டும். ஐந்தாவது, தீங்கு நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கவேண்டும். நல்ல மருத்துவர் இதற்குச் சினங்கொள்ளமாட்டார். கரைக்கும் மருந்து எங்கே இருக்கிறது என்றே காட்டுவார். கர்ப்பம், தாய்ப்பால், தசைநரம்பு நோய், உண்டுவரும் மருந்துகள் ஆகியவற்றை அவராகவே வினவுவார். “உங்களுக்கு இது தேவையில்லை” என்று சொல்லத் தெரிந்தவரே நம்பத்தக்கவர்.

இதற்கெல்லாம் பெருநகரம் போகவேண்டும் என்பதில்லை. திண்டுக்கல்லிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. முகத்தில் ஒரு திட்டோ சுருக்கமோ கவலை தந்தால், அரசு மருத்துவமனைத் தோல்மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பதற்குப் பெரும் பொருள் தேவையில்லை.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று கேட்போர்க்கு ஒரு சொல். மருத்துவத் தேவைக்கும் வெறும் அழகுக்கும் அறிஞர்கள் வேறுபாடு காண்கின்றனர். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொன்னால் மூக்கு அமைத்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி நாமறிந்ததே. சுருக்கத்துக்கான ஊசி அவ்வகையில் அடங்குமா என்பதைத் தத்தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. ஆனால் ஒரு செய்தியில் ஐயத்துக்கு இடமில்லை. மருத்துவம் கற்றவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா தொகுப்புகளில் உண்டு. ‘இவர் யார், எங்கே கற்றார்?’ என்னும் வினா சட்டம் தோன்றுமுன்பே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

ஆதலால் வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்து மாதர் எவரேனும் கண்ணாடியின் முன் சற்று நேரம் கூடுதலாக நின்றால் நகைக்காதீர்கள். வேண்டாம் என்பது உங்கள் கருத்தாயின் அதைக் காரணத்தோடு சொல்லுங்கள். வேண்டும் என்பது அவர் முடிவாயின் உடன் சென்று மருத்துவரின் பதிவெண்ணை நீங்களே கேளுங்கள். வீட்டு முற்றத்தில் வாய்விட்டுப் பேசப்படும் ஒன்றுக்காக எவரும் பின்னறையைத் தேடிப் போவதில்லை.