போகும் கடலும் திரும்பும் கடலும்

ஹவாயின் ஓவாஹூ தீவில், லனிகாய் கடற்கரைக்கு எதிரே இரண்டு சிறு தீவுகள் இருக்கின்றன. பெரியது மொகு நுயி, சிறியது மொகு இகி. இரண்டையும் சேர்த்து மொகுலுவா என்பார்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டிய தூரம். நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகையில் போய்வரத் தோதான தூரம்தான். ஆனால் பலகையின் வடிவத்தைச் சோதிக்க இதைவிடக் கறாரான இடம் கிடைப்பது அரிது. காரணம் காற்று. ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று நேரே இந்தக் கரைக்குத்தான் வருகிறது. போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. நிற்பவரின் உடலே பாயாகிவிடுவதால், கயாக்கில் உட்கார்ந்து வலிப்பவரைவிட இவருக்கு இரண்டுமே கூடுதலாக உறைக்கும்.

எதிர்காற்றுக்கு ஏற்றது நீரைப் பிளந்துபோகும் வடிவம். அணியம் கூராக இருக்கும். நீளம் 12 அல்லது 14 அடி. நீரில் படியும் நீளம் கூடக்கூட, அதே உழைப்புக்குக் கிடைக்கும் வேகமும் கூடும். சிற்றலைகளில் ஏறி இறங்காமல் குத்திக்கொண்டு போகும்; ஒவ்வொரு வலிப்புக்குப் பிறகும் வழுக்கிச் செல்லும் தூரமும் அதிகம். இதே பலகை திரும்பும் வழியில் முரண்டு பிடிக்கும். பின்னாலிருந்து வரும் அலை தூக்கிவிடும்போது, கூரான அணியம் முன்னால் போகும் அலையின் முதுகில் புதைந்து பலகையைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அப்போது வேண்டியது, அடி தட்டையாகவும் முனை மேல்நோக்கி வளைந்தும் உள்ள அலைச்சறுக்குப் பலகையின் வடிவம். அது நீரின் மேலேறி ஓடும். ஆனால் எதிர்காற்றில் அதன் அடி ஒவ்வொரு அலையிலும் அறை வாங்கும்.

அகலம் தனிக் கணக்கு. பந்தயப் பலகைகள் 24 அங்குலம் அளவுக்குக் குறுகியவை. உலாப் பலகைகள் 30 முதல் 32 அங்குலம். மொகு நுயியின் மணல்கரையை நெருங்கும்போது, தீவை இருபுறமும் சுற்றிவரும் அலைகள் கரைக்கு முன்னால் ஒன்றோடொன்று மோதுகின்றன. குறுகிய பலகையில் வருபவர் அங்கே முழங்காலிட்டுக்கொள்வதே புத்தி. அதில் அவமானம் ஒன்றுமில்லை. அடியில் பொருத்தும் ஃபின்னும் கவனிக்க வேண்டியது. ஆழமான ஃபின் திசை மாறாமல் காக்கும், ஆனால் பவளப்பாறை மேலெழும் ஆழமற்ற இடத்தில் தட்டி ஆளையே முன்னால் தூக்கி எறியும்.

வடிவங்களுக்கிடையிலான இந்த இழுபறி பழையது. பண்டைய ஹவாயில் மெல்லிய அலாயா, நீண்டு தடித்த ஓலோ என்ற அலைச்சறுக்குப் பலகைகள் இருந்தன. ஓலோவுக்கு எடை குறைந்த விலிவிலி மரம் பயன்பட்டது. ஹொனலூலு பிஷப் அருங்காட்சியகத்திலிருந்த பழைய பலகைகளை 1920களில் ஆராய்ந்த டாம் பிளேக், உள்கூடான பலகையைச் செய்து 1932இல் காப்புரிமை பெற்றார். அது படுத்துக்கொண்டு கைகளால் வலிப்பது. நின்றுகொண்டு துடுப்பால் வலிப்பதை வைகீகி கடற்கரையில் அலைச்சறுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் எப்போதோ தொடங்கியிருந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் லெயர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் கையில்தான் அது தனி விளையாட்டாக வளர்ந்தது.

வடிவத்தை முடிவுசெய்வது பலகை செதுக்கும் பட்டறை. சுவர்கள் பெரும்பாலும் அடர்நிறம். விளக்குகள் கூரையில் இல்லை, இடுப்புயரத்தில் பக்கச் சுவர்களில். பக்கவெளிச்சத்தில் விழும் நிழல்தான் மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். இப்போது கணினி இயந்திரம் முதல் வெட்டைச் செய்துவிட்டாலும், விளிம்பின் வளைவு மின் இழைப்புளியிலும் உப்புத்தாளிலும்தான் முடிகிறது. செதுக்குபவர் அடிக்கொருதரம் கண்ணை மூடி விளிம்பைத் தடவிப் பார்ப்பது நடிப்பல்ல; இடமும் வலமும் ஒத்திருக்கிறதா என்பதை உள்ளங்கை விரைவில் கண்டுபிடிக்கும். நுண்தூசியும் ரெசின் ஆவியும் நிறைந்த வேலை என்பதால் முகமூடி தவிர்க்க முடியாதது.

உள்ளீடு பெரும்பாலும் நாம் தெர்மாகோல் என்று சொல்லும் நுரைப்பொருள்தான், சற்றே அடர்த்தியானது. ராமேஸ்வரம் பக்கம் மீனவர்கள் மிதவை கட்டிக்கொள்வதும் இதே பொருளில். அலைச்சறுக்குப் பலகைகளில் வழக்கமான பாலியூரித்தேன் நுரை, ஓர் ஆளை நிற்கவைத்து மிதக்கும் பருமனுக்குக் கனமாகிவிடும். தெர்மாகோலைப் பாலியஸ்டர் ரெசின் கரைத்துவிடும் என்பதால், ஃபைபர் கிளாஸ் துணியை எபாக்ஸியில்தான் ஒட்ட வேண்டும். வெயிலில் உள்காற்று விரிந்து மேலோடு உப்பாமலிருக்க ஒரு சிறு காற்றுத் திருகும் வைப்பார்கள்.

வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இடைப்பட்ட வடிவங்கள்: 11 அடிக்கு மேல் நீளம், நல்ல அகலம், மிதமாகக் கூர்ந்த அணியம். பந்தயக்காரர்கள் இவற்றை மதிப்பதில்லை. ஆனால் போகவும் வரவும் வெவ்வேறு பலகை எடுத்துச் செல்ல முடியாத இந்தக் கடலுக்கு அதுவே நியாயமான தேர்வு. எந்தப் பலகையில் போனாலும் ஒன்றை மறக்கக்கூடாது: மொகுலுவா கடற்பறவைச் சரணாலயம். மொகு இகியில் இறங்கவே அனுமதியில்லை. மொகு நுயியிலும் மணல்கரையைத் தாண்டக்கூடாது. ஆப்புவால் கத்திச்சிறகன்கள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுவதால், மேலே நடக்கும் கால் கூட்டையே நசுக்கிவிடும்.