சமவெளிக்கு எது, மலைக்கு எது? சேலம், நாமக்கல் பாதைகளில் பிக்கப் கணக்கு

‘ராசிபுரம் பக்கம் நமக்கு நாலரை ஏக்கர் பூமிங்க. மரவள்ளி, கொஞ்சம் தக்காளி, ரெண்டு கறவை மாடு. பையன் பிக்கப் வண்டி வாங்கலாம்கிறான். அதுலயும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். எதை வாங்கறதுங்க?’

வாசகர் ஒருவரின் கேள்வி இது. இதற்கு அறைக்குள் உட்கார்ந்து பதில் எழுத முடியாது. எந்தப் பாதை, எவ்வளவு பாரம், வருஷத்தில் எத்தனை நாள் என்ற மூன்றும் தெரியாமல் எந்த வண்டியையும் நல்ல வண்டி என்று சொல்லிவிட முடியாது. அதனால் சேலத்தில் கிளம்பி ஆத்தூர், நாமகிரிப்பேட்டை, நாமக்கல், கொல்லிமலை, பரமத்தி வேலூர் என்று ஒரு சுற்றுப் போய் வந்தோம். எந்தப் பாதையில் எந்த வண்டி ஓடுகிறது, ஏன் ஓடுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

ஆத்தூர் சாலை: கிழங்குக்குப் பிக்கப் போதுமா?

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர் 50 கிலோமீட்டர் சொச்சம். வாழப்பாடி தாண்டினால் இரண்டு பக்கமும் மரவள்ளி, பாக்கு, இடையிடையே பருத்தி. இந்தச் சுற்றுவட்டாரத்துக் கிழங்குதான் சேகோ ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

மரவள்ளிக்கு ஒரு குணம் உண்டு. பிடுங்கிய பிறகு காத்திருக்காது. இரண்டு மூன்று நாள் தாமதித்தால் கிழங்கு கெட ஆரம்பிக்கும், மாவுச்சத்து இறங்கும். ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்ட்டை வைத்துத்தான் விலை என்பதால், வண்டி கிடைக்காத ஒவ்வொரு நாளும் நஷ்டம். ‘சொந்த வண்டி இருந்தா நல்லதுதானே’ என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 10 டன் கிழங்கு என்று வைத்தால், 1.7 டன் ஏற்றும் பிக்கப்புக்கு 6 நடை. நாலு ஏக்கருக்கு 24 நடை. அதையே டிராக்டர் டிரெய்லரோ லாரியோ சில நடைகளில் முடித்துவிடும். அதனால்தான் ஆலை வாசலில் நிற்கும் வரிசையில் பிக்கப்புகள் குறைவு. கிழங்குக்காக மட்டும் பிக்கப் வாங்குவது, நெல் அளக்க உழக்கை எடுத்துக்கொண்டு போவது மாதிரி.

பிக்கப்புக்கு ஏற்ற சரக்கு வேறு. தக்காளி, கத்தரி, பூ, வாழைத்தார், மாட்டுத் தீவனம், ஆடு என்று தினமும் அல்லது வாரம் மூன்று நாள் போக வேண்டிய, ஒரு டன் அளவுள்ள சரக்குதான் அது. தலைவாசல் காய்கறி மார்க்கெட்டில் விடியற்காலையில் போய் நின்றால் இது கண்ணால் தெரியும்.

எந்த வண்டி எவ்வளவு சுமக்கும்?

2005-ல் வந்த டாடா ஏஸ் வண்டியை நம்மூரில் ‘குட்டி யானை’ என்கிறோம். முதலில் வந்த ஏஸ் 750 கிலோ சுமக்கும். சக்கரம் 12 அங்குலம். தார் ரோட்டுக்கும் ஊருக்குள் ஓடவும் நல்ல வண்டி, மழைக்காலத்து வண்டித் தடத்துக்கு ஆகாது. அதற்கு மேலே டாடா இன்ட்ரா. இதில் வி30 1,300 கிலோ, வி50 1,500 கிலோ.

அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல் ஓசூரிலிருந்து வந்தது. அப்போது 1,250 கிலோ பாரம். 2020-ல் அதன் அண்ணன் படா தோஸ்த் வந்தது. மஹிந்திரா பொலிரோ பிக்கப்பில் 1.3 டன், 1.7 டன் என்று ரகங்கள் உண்டு. 2022-ல் வந்த பொலிரோ மேக்ஸ் வரிசையில் 2 டன் வரை இருக்கிறது. டாடா யோதாவிலும் அதே ஆண்டில் 2 டன் ரகம் வந்தது. பொலிரோ பிக்கப்பின் சக்கரம் 15 அங்குலம். குழி, வரப்பு, கல் ரோடு எல்லாவற்றிலும் சின்னச் சக்கரத்தைவிடப் பெரிய சக்கரம் சுலபமாக ஏறி இறங்கும்.

இட்டேரியில் எது இழுக்கும்?

ஆத்தூரிலிருந்து மங்களபுரம் வழியாக நாமகிரிப்பேட்டைக்கு வரும் சாலையில் மஞ்சளும் மரவள்ளியும் கண்ணுக்கு எட்டிய தூரம். தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் பிரியும் இட்டேரிகள்தான் வண்டிக்கு உண்மையான பரீட்சை. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு வண்டி அகலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் வழுக்கும். கரிசல் இருக்கும் இடத்தில் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சாதாரணப் பிக்கப்புகளில் பின்சக்கரம்தான் இழுக்கும். காலி வண்டியில் எடை எல்லாம் இன்ஜின் இருக்கும் முன்பக்கம். இழுக்க வேண்டிய பின்சக்கரத்தில் எடை இல்லாததால் அது சேற்றில் சும்மா சுற்றும். சரக்கோடு போன வண்டி தாண்டிய இடத்தில், காலியாகத் திரும்பும்போது மாட்டிக்கொள்வது இதனால்தான். அந்த ஊரில் பிக்கப் ஓட்டும் ஒருவர் சொன்ன கைவைத்தியம்: ‘மழை நாள்ல நாலு மூட்டை மண்ணைப் பின்னால போட்டுக்குவோமுங்க. ஒரு கயிறு, ஒரு மண்வெட்டி, ரெண்டு பலகை. இது போதும். வருஷத்துல பத்து நாள் சேத்துக்காக லட்சக்கணக்குல கூடக் குடுக்கணுமாங்க?’

அவர் சொல்வது சரிதான். பத்து நாள் சேறு என்றால் கொஞ்சம் கிராவல் கொட்டிப் பாதையைச் சரிசெய்வது, நான்கு சக்கர இழுவைக்குச் செலவழிப்பதைவிட மலிவு. அந்தப் பாதை உங்கள் வண்டிக்கு மட்டும் இல்லாமல் பால் வண்டிக்கும் உதவும், அவசரத்துக்கு வரும் ஆம்புலன்ஸுக்கும் உதவும்.

நாமக்கல்: பட்டை சேர்த்தால் பாரம் கூடுமா?

நாமக்கல்லும் திருச்செங்கோடும் வண்டி கட்டும் ஊர்கள். லாரி பாடி, கேஸ் டேங்கர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி என்று இந்த மாவட்டத்துக் கைவேலை இந்தியா முழுக்க ஓடுகிறது. பிக்கப் வாங்கியவர்களும் இங்கே வந்து, பின்னால் கமான் பட்டை ஒன்று கூடுதலாகச் சேர்ப்பதும், தொட்டியின் பக்கப் பலகையை உயர்த்துவதும் உண்டு.

பட்டை சேர்த்தால் பின்பக்கம் தொங்காது. ஆனால் பிரேக் அதே பிரேக், அச்சு அதே அச்சு, டயர் அதே டயர். ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எடையும் அதேதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. அதிக பாரத்துக்கு 2019 திருத்தச் சட்டப்படி ₹20,000 அபராதம். கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ₹2,000. மிஞ்சிய சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். 1.3 டன் வண்டியில் 2 டன் ஏற்ற நினைப்பவர், ஆரம்பத்திலேயே 2 டன் வண்டி வாங்குவதுதான் சிக்கனம்.

எழுபது வளைவு

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து 20 வளைவுதான். இன்னொரு பாதை முள்ளுக்குறிச்சி வழியாக மேலேறுகிறது. மேலே வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று ‘நாடு’களாகப் பிரிந்த ஊர்கள். மிளகு, காப்பி, பலா, அன்னாசி எல்லாம் இந்த வளைவுகளில் இறங்கித்தான் சந்தைக்கு வர வேண்டும்.

இங்கே நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். காரவள்ளிப் பாதை தார் ரோடு. தார் ரோட்டில் ஏறுவதற்கு வேண்டியது இன்ஜின் இழுவையும் முதல், இரண்டாம் கியர்களும். இறங்குவதற்கு வேண்டியது பிரேக்கும் நிதானமும். நீளத் தொட்டி வண்டி வளைவில் ஒரே திருப்பில் திரும்பாமல் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். அதனால் மலைக்கு 10 அடித் தொட்டியைவிடக் குட்டைத் தொட்டி சுகம்.

இறங்கும்போது ஒரு விதி: எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடி போய்விடும். முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். பத்து வளைவுக்குள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட ஆபத்து, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் மிதி கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். சேலத்துக்கு வடக்கே தொப்பூர் இறக்கம் விபத்துக்குப் பேர்போன இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். பாரம், வேகம், நியூட்ரல் மூன்றும் சேர்ந்தால் சமவெளியிலேயே அந்தக் கதி என்றால், மலையில் சொல்லவே வேண்டாம்.

நான்கு சக்கர இழுவை உண்மையில் தேவைப்படுவது, தார் ரோடு முடிந்து ஊருக்கோ தோட்டத்துக்கோ பிரியும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில்தான். அப்படி மண் சரிவில் வருஷம் முழுக்க ஏறி இறங்குபவர்கள் யோசிக்கலாம். பொலிரோ கேம்பரிலும் யோதாவிலும் நாலு சக்கர இழுவை உள்ள ரகங்கள் உண்டு. கேம்பரில் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் ஒரு டன் ஏற்றலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கும் மிளகைச் சந்தைக்கும் ஒரே வண்டியில் கொண்டுபோக வேண்டிய மலைக் குடும்பத்துக்கு இது பொருத்தம்.

படத்தில் பார்க்கும் வண்டிகள்

பையன்கள் கைப்பேசியில் பார்த்து ஆசைப்படுவது இசுஸு வி-கிராஸும் டொயோட்டா ஹைலக்ஸும். நல்ல வண்டிகள்தான். ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர், அதாவது இரண்டேகால் அடித் தண்ணீரிலும் போகும் என்கிறது நிறுவனம். ஆனால் 2022-ல் அறிமுகமானபோதே அதன் விலை ₹33.99 லட்சத்தில் தொடங்கியது. இரண்டு வண்டிகளிலும் பின்தொட்டி ஐந்தடி அளவுதான். தாய்லாந்தில் விவசாயிகள் இந்த ரக வண்டிகளைத்தான் ஓட்டுகிறார்கள். அங்கே பிக்கப்புக்கு வரி குறைவு, விலையும் அதற்கேற்ப. நம் ஊரில் இவை பெரும்பாலும் கார் போல வாங்கப்படும் வண்டிகள். தக்காளிப் பெட்டி ஏற்றி அந்தக் காசை எடுக்க முடியாது.

வேலூர்ச் சந்தையில் போட்ட கணக்கு

மலை இறங்கிப் பரமத்தி வேலூர் வந்தால் காவிரிக்கரை. வாழையும் வெற்றிலையும். தார் அறுவடை வருஷம் முழுக்க முறைவைத்து நடக்கும் இந்த ஊரில் பிக்கப்புக்கு ஓய்வே இல்லை. வண்டி வாங்கினால் நிற்கும் ஊர் என்றால் இதுதான்.

இனி ராசிபுரம் வாசகருக்கு வருவோம். ₹8 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய ₹17,000. வருஷத்துக்கு ₹2,04,000. வாடகை வண்டி ஒரு நடைக்கு ₹1,500 என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணத்தில் 136 நடை வாடகைக்கே ஓட்டிவிடலாம். சொந்த வண்டிக்கு டீசல், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் இதற்கு மேல்.

எனவே கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை நடை வாடகை கொடுத்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். 50, 60 என்றால் வாடகையே போதும். அக்கம்பக்கத்துச் சரக்கையும் சேர்த்து 200-ஐத் தாண்டும், பையன் தானே ஓட்டுவான் என்றால் 1.3 முதல் 1.7 டன்னுக்குள் ஒரு சாதாரணப் பின்சக்கர வண்டி வாங்கலாம். ராசிபுரம் சமவெளிக்கு நான்கு சக்கர இழுவை வேண்டாம். தவணைக்காகப் பூமியை அடமானம் வைக்கும் நிலை வந்தால், வண்டியே வேண்டாம்.

கூடவே வந்த கேள்விகள்

*கார் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். மஞ்சள் போர்டு பிக்கப் ஓட்டலாமா?*

ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 6-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

*பெர்மிட் வேண்டுமா?*

வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. வாங்கும் முன்பே இந்த எடையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தகுதிச் சான்று எல்லாச் சரக்கு வண்டிக்கும் வேண்டும். முதல் 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும்.

*கிழங்கு பிடுங்க வரும் பெண்களைப் பின்தொட்டியில் ஏற்றி வரலாமா? எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?*

ஏற்றக் கூடாது. சரக்கு வண்டியின் இன்சூரன்ஸ், சரக்குக்கு உரியவரையோ அவர் சார்பில் வருபவரையோதான் காக்கும். தொட்டியில் உட்கார்ந்து வரும் கூலியாட்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வண்டி கவிழ்ந்தால் போகும் உயிரை யாரும் திருப்பித் தர முடியாது. நஷ்டஈடு உங்கள் பூமியிலிருந்து போகும். ஆட்களுக்கு ஆட்டோவோ வேனோ பேசிவிடுங்கள். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் பிடுங்கும் கூலி.