நாடக வாத்தியாரும் நேர்காணல் மேசையும்

நம் பள்ளிக்கூடங்களில் நாடகம் உண்டு. நாடக ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது. ஆண்டு விழா நெருங்குகையில் தமிழாசிரியரோ, சற்றே குரல்வளம் வாய்த்த வேறொருவரோ அந்தச் சுமையை ஏற்றுக்கொள்வார். கட்டபொம்மனுக்கு மீசை ஒட்டப்படும், கண்ணகிக்குச் சிலம்பு வாங்கப்படும். விழா முடிந்த மறுநாள் அட்டைக் கிரீடங்கள் விளையாட்டுச் சாமான் அறைக்குள் போய்விடும். 2012-இல் தமிழக அரசு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை நியமித்தது. உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி, தோட்டக்கலை என்று நீண்ட அந்தப் பட்டியலில் நாடகம் இல்லை. 2017-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பணியிடங்கள் 1,325-க்குத் தேர்வு நடத்தியது. உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் ஆகிய நான்குதான் பாடங்கள். 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் நாடகத்துக்கும் போட்டி உண்டு. போட்டிக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது யார் வேலை என்ற கேள்விக்கு மட்டும் விடை சொல்லப்படவில்லை.

இதை நாஞ்சில் நாட்டிலிருந்து எழுதும்போது மனம் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது. தமிழ் நாடக மேடையின் வரலாற்றை இந்த மண்ணை விட்டுவிட்டு எழுத இயலாது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். 1925-இல் திருவனந்தபுரத்தில் தங்கள் சொந்தக் குழுவைத் தொடங்கினார்கள். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் அந்தக் குழுவில் வளர்ந்தவர். பாலர் சபைகளில் ஆசிரியருக்கு 'வாத்தியார்' என்றே பெயர். பாடல், வசனம், நடை, நிற்கும் இடம் எல்லாவற்றையும் அவரே சொல்லிக்கொடுத்தார். சபையில் சேர வந்த பையனிடம் பார்க்கப்பட்டவை பெரும்பாலும் இரண்டு: தொண்டை எப்படி, பாடம் ஏறுமா. அந்த முறையின் கடுமையை நான் போற்றவில்லை. ஆனால் நாடகம் கற்பிப்பது ஒரு தனித்தொழில் என்பதில் அன்று எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

இந்த நிலையில்தான், சென்ற ஆண்டு எங்கள் மாவட்டத்துத் தனியார் பள்ளியொன்று நாடக ஆசிரியர் பயிற்சிக்கு ஓர் இடம் அறிவித்தது. ஓராண்டுப் பயிற்சி, சிறு உதவித்தொகை, தகுதி காட்டினால் அடுத்த ஆண்டு நிரந்தரப் பணி. இராஜாக்கமங்கலத்தில் குடியிருக்கும் தமிழ் விரிவுரையாளன் என்ற முறையில் என்னையும் நேர்காணல் குழுவில் சேர்த்திருந்தார்கள். தாளாளர், தலைமையாசிரியை, இசையாசிரியர், நான் என்று நால்வர். வந்த விண்ணப்பங்களிலிருந்து ஆறு பேரை அழைத்திருந்தோம். ஒவ்வொருவரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு பதினைந்து நிமிடம் வகுப்பெடுக்க வேண்டும், பிறகு குழுவின் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். வகுப்பெடுக்கச் சொல்லும் யோசனை என்னுடையது. இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் பள்ளிகள் இப்படிச் செய்வதுண்டு.

ஆறு பேரில் இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாமவர் சென்னையில் நடிப்புப் பயிற்சி பெற்ற இளைஞர். குறும்படங்களில் நடித்திருக்கிறார். வகுப்பறைக்குள் நுழைந்ததுமே பிள்ளைகளைத் தன்வசப்படுத்திக்கொண்டார். ஒன்பது சுவைகளையும் முகத்தில் வரிசையாகக் காட்டினார், பிள்ளைகள் கைதட்டினார்கள். இருவரை முன்னால் அழைத்துக் கோபமும் அழுகையும் செய்துகாட்டச் சொல்லித் திருத்தினார். உச்சரிப்பு சுத்தம், உடல்மொழி தேர்ச்சி. அவரை எவராலும் குறை சொல்ல முடியாது.

மற்றவர் துறைப்பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். தமிழில் பட்டமும் பி.எட்.-உம் முடித்தவர். நாடக அனுபவம் என்ற இடத்தில் தவக்காலத்தில் ஊரில் போடும் பாஸ்கு நாடகத்தை எழுதியிருந்தார். அவர் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, "மக்களே, இது கரமடிக் கயிறு. வலை கடலுக்குள்ள கிடக்கு. இழுங்க" என்றார். கையில் கயிறு ஏதும் இல்லை. கடற்கரைப் பிள்ளைகள் உடனே காலை மணலில் ஊன்றுவதுபோல் ஊன்றிச் சாய்ந்தார்கள். தென்னந்தோப்புப் பக்கத்துப் பிள்ளைகள் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். வலை கரையேறியதும் அவர் கேட்டார்: "மடியில மீனே இல்ல. இப்ப யாரு முதல்ல பேசுவா?"

கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை. அவரும் பேசாமல் நின்றார். தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு பையன், "முதலாளி பேச மாட்டாரு, எந்திரிச்சுப் போயிருவாரு" என்று சொல்லி அப்படியே நடந்தும் காட்டினான். மீன் வாங்க வந்து காத்திருக்கும் பெண்ணாக ஒரு சிறுமி வந்தாள். தவணைப் பணம் கேட்பவனாக இன்னொருவன் வந்தான். அந்த ஆசிரியை தானும் ஒரு கிழவியாகி அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, "நேத்தும் இப்படித்தானே இருந்துது?" என்று கேட்டார். அதன்பிறகு பிள்ளைகள் அவரை மறந்து தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். முதலில் நடந்து காட்டிய பையன் வகுப்பில் வாய் திறக்காதவன் என்று தலைமையாசிரியை என் காதருகே சொன்னார்.

கற்பிப்பவரே ஒரு பாத்திரமாகிப் பிள்ளைகளின் கதைக்குள் நுழையும் இந்த முறையைக் கல்வி நாடகத்தில் நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் டொரத்தி ஹீத்கோட். 1926-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த அவர் பதினான்கு வயதில் நெசவாலை வேலைக்குப் போனவர். நாடகப் பள்ளியில் இடம் கிடைத்தபோது, சரிப்படாவிட்டால் திரும்பி வந்துவிடு, உன் தறிகள் உனக்காகக் காத்திருக்கும் என்று ஆலை முதலாளி சொல்லி அனுப்பினாராம். 1971-இல் பிபிசி அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு 'த்ரீ லூம்ஸ் வெயிட்டிங்' என்று பெயர் அமைந்தது அதனால்தான். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் எதுவும் கையில் இல்லாத அவரை 1950-இல் டர்ஹாம் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனம் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் பணியில் அமர்த்தியது. அன்று அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் சான்றிதழ்களை மட்டும் பார்த்திருந்தால் கல்வி நாடகத்தின் வரலாறு வேறாகியிருக்கும்.

துறைப்பக்கத்துப் பெண் ஹீத்கோட்டைப் படித்தவரல்லர். கேட்டபோது அந்தப் பெயர் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார். ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாஸ்கு சொல்லிக்கொடுக்கும்போது, வசனத்தை மறந்துவிடும் பிள்ளைகளைப் பேசவைக்கத் தானே கண்டுபிடித்த வழி இது என்றார். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "டீச்சர் வேலைன்னா சரிங்காவ சார். நாடக டீச்சர்னா அது என்ன வேலைன்னு கேக்காவ" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் இடங்கள் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' உயர்தரப் பரீட்சைக்குரிய ஒரு பாடம். அதற்கு ஆசிரியர்கள் வேண்டும், ஆகவே ஆசிரியர்களை உருவாக்கும் ஏற்பாடும் வேண்டும். பள்ளி ஆசிரியராக இருந்த குழந்தை ம. சண்முகலிங்கம் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பட்டயம் பெற்று, 1978-இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். 2025 சனவரியில் அவர் மறையும்போது அவரிடம் கற்றவர்களின் மாணவர்களும் நாடக ஆசிரியர்களாகியிருந்தார்கள். வடமேற்கே எல்லை தாண்டினால் கேரளம். அங்கே பள்ளிக் கலோத்சவம் 1957 முதல் நடந்து வருகிறது. ஜி. சங்கரப்பிள்ளை 1967-இல் சாஸ்தாம்கோட்டையில் நடத்திய நாடகக் களரியும், 1977-இல் திருச்சூரில் உருவான நாடகப் பள்ளியும் அந்த மேடைகளுக்குப் பின்புலமாயின. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் சே. இராமானுஜம் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் அல்காசியிடம் பயின்றவர். 1977-இல் காந்திகிராமத்தில் அவரும் சங்கரப்பிள்ளையும் நடத்திய பயிற்சிப் பட்டறை தமிழ் நவீன நாடகத்துக்கு ஒரு தொடக்கம். அங்கே கற்றவர்கள் குழுக்கள் கண்டார்கள், கல்லூரிகளில் நாடகம் போட்டார்கள். பள்ளிக்கூடத்தின் கதவு மட்டும் திறக்கவில்லை.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இசை, நடனம், காண்கலைகள் ஆகியவற்றோடு நாடகத்தையும் பள்ளிப் பாடமாகவே கருதச் சொன்னது. தேசிய நாடகப் பள்ளி கல்வி நாடகத்துக்கென்றே அகர்தலாவில் ஓராண்டுப் படிப்பு நடத்துகிறது. ஆவணங்களுக்கும் நிறுவனங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் நாடகத்துக்கெனப் பணியிடம் இல்லாத மாநிலத்தில் அந்தப் படிப்பை முடித்து வருகிறவர் எந்தப் பள்ளியின் வாசலில் போய் நிற்பார்?

நேர்காணலுக்கு வருகிறேன். மதிப்பெண் தாள் முன்பே அச்சிட்டு வைக்கப்பட்டிருந்தது. தோற்றம், உச்சரிப்பு, கல்வித்தகுதி, மேடை அனுபவம், ஆண்டு விழா நடத்தும் திறன் என்று ஐந்து கட்டங்கள். வகுப்பெடுத்த பதினைந்து நிமிடத்துக்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது என்று கேட்டேன். உச்சரிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் இசையாசிரியர். நான் என் தரப்பை எடுத்துச் சொன்னேன். நடிகரைத் தேர்ந்தெடுப்பதும் நாடக ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றல்ல. நடிகர் வகுப்பறையில் இருக்கும்போது பிள்ளைகள் பார்வையாளர்கள் ஆகிறார்கள். ஆசிரியர் இருக்கும்போது அவர்களே நடிகர்கள். இன்றைய பதினைந்து நிமிடங்களில் எந்த வகுப்பில் பிள்ளைகள் அதிகம் பேசினார்கள் என்பதை மட்டுமாவது கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்றேன்.

தாளாளரின் மறுமொழியிலும் நியாயம் இருந்தது. "சார், நீங்க சொல்றது சரிதான். ஆனா பீஸ் கட்டுற பெற்றோர் டிசம்பர்ல வந்து உட்காருவாங்க. அவங்களுக்கு நான் எதைக் காட்டுறது?" மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சென்னையில் பயின்ற இளைஞர் தேர்வானார். அவர் திறமைசாலி. அந்த ஆண்டின் விழாவும் சிறப்பாகவே நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

முடிவு வெளியான அன்று மாலை அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தார். குறை எங்கே என்று தெரிந்தால் திருத்திக்கொள்வேன் என்று மட்டும் சொன்னார். குறை எதுவும் இல்லை, நீங்கள் செய்ததற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை என்றேன். திருச்சூரையும் அகர்தலாவையும் பற்றிச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் பயணம், தங்க எவ்வளவு ஆகும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்பாவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். இதுவரை சொல்லவில்லை. இப்போது ஊரில் தனிப்பயிற்சி மையமொன்றில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறார். தவக்காலத்தில் பாஸ்கு தொடர்கிறது.

இதை எழுதுவது அந்தப் பள்ளியைப் பழிப்பதற்காக அல்ல. அரசே உருவாக்காத ஓர் இடத்தைச் சொந்தப் பணத்தில் உருவாக்கிய பள்ளி அது. அடுத்த தேர்வுக்கு அந்த மதிப்பெண் தாளில் ஆறாவதாக ஒரு கட்டம் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'பிள்ளைகள் என்ன செய்தார்கள்' என்பது அதன் தலைப்பு. பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களில் ஆசிரியர்கள் பலர் உண்டு, பள்ளி நிர்வாகத்தோடு தொடர்புடையவர்களும் இருக்கக்கூடும். இப்படியொரு மேசைக்குப் பின்னால் அமரும் வாய்ப்பு நேர்ந்தால், வந்தவரைப் பார்ப்பதற்கு முன் அவர் எதிரே இருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். அவர்களில் எவராவது, அதுவரை பேசாத ஒருவர், பேசத் தொடங்குகிறாரா என்று கவனியுங்கள்.