பாலைவனத்தில் நான்கு கோடைகள்

குவைத்தில் கோடை காலத்தில் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் சுடுதண்ணீர்க் குழாயைத்தான் திறக்க வேண்டும். இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். அங்கே வேலை செய்து வந்த சகோதரிகளுக்குத் தெரியும். வீட்டுத் தண்ணீர்த் தாங்கி மொட்டைமாடியில் வெயிலில் கிடக்கிறது. பச்சைத்தண்ணீர் அதிலிருந்து நேரே வருவதால் கையை வைக்க ஏலாது. சுடுதண்ணீர் இயந்திரத்தின் சிறிய தாங்கியோ வீட்டுக்குள்ளே ஏசிக் குளிரில் இருக்கிறது. மே மாதத்தில் அதன் மின்சாரத்தை நிறுத்திவிட்டால், கோடை முடியும் வரை குளிக்கக்கூடிய தண்ணீர் அந்தக் குழாயில்தான் வரும். நான் குவைத்தில் கற்ற முதற் பாடம் அது.

2013 ஜூன் மாதம் இரண்டு பிள்ளைகளையும் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். கணவர் யுத்தத்தோடு போய்விட்டார். தலையில் கடன் இருந்தது. பயிற்சி நிலையத்தில் சலவை இயந்திரத்தையும் மின்சார அடுப்பையும் காட்டினார்கள். வெயிலைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வன்னி வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு வெயிலைப்பற்றி என்ன சொல்வது என்று நானும் நினைத்திருந்தேன்.

நான் இருந்த வீடு ஜஹ்ராவில். குவைத் நகரத்துக்கு மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர். ஒரு பக்கம் குடாக்கடலின் மூலை, மற்றப் பக்கமெல்லாம் பாலைவனம். முற்காலத்தில் கிணறும் பேரீச்சந் தோட்டமுமாக இருந்த ஊராம். 1920இல் பெரிய சண்டை நடந்த செங்கோட்டை இன்றும் அங்கே நிற்கிறது. சண்டை நடந்த ஊரை விட்டுச் சண்டை நடந்த ஊருக்கே வந்து சேர்ந்தேன் என்று எண்ணிக்கொண்டேன்.

அங்கத்தைய வெயில் நமது வெயில் அல்ல. ஜூன், ஜூலையில் வடமேற்கிலிருந்து 'ஷமால்' என்னும் காற்று வீசும். அடுப்பு வாயைத் திறந்தாற்போல் முகத்தில் அடிக்கும். அதோடு தூசியும் வந்தால் பகலிலேயே வானம் மண்ணிறமாகிவிடும். நம்மை ஏமாற்றுவது அந்த வறட்சிதான். ஊரில் வியர்வை வழிந்தால் களைத்துவிட்டோம் என்று தெரிந்துவிடும். அங்கே வியர்வை தோலுக்கு வந்தவுடனே காய்ந்துபோகிறது. எனக்கு வியர்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். மாலையில் சட்டையைக் கழற்றும்போது முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். அவ்வளவு தண்ணீர் உடம்பை விட்டுப் போயிருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் காற்று மாறிக் கடல் ஈரம் வரும். அப்போது வெப்பமானி சற்றுக் குறைவாகக் காட்டினாலும் வியர்வை காயாது, உடம்பும் ஆறாது. இரண்டில் எது கொடியது என்று கேட்டால் நான் ஆகஸ்ட்டையே சொல்வேன்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். வீட்டில் கழிப்பறைக்குப் போவதென்றால் மூன்று மாடி இறங்கிப் பின்வளவுக்குப் போகவேண்டும். அடிக்கடி போனால் முகம் சுளிப்பார்களோ என்ற பயம். ஆகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். இந்தப் பழக்கம் குவைத்தில் வந்ததல்ல. 2009இல் வவுனியாவில் முகாமில் கூடாரத்துக்குள் வெந்துகொண்டிருந்த நாட்களில், கழிப்பறை வரிசைக்கும் இருட்டுக்கும் பயந்து பெண்கள் எல்லோரும் செய்தது அதுதான். பொழுது சாய்ந்தபின் ஒரு மிடறும் குடிக்கமாட்டோம். இதை வாசிப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பழக்கம் இன்னும் விடவில்லையோ தெரியாது. நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் இப்படியும் வரும்.

போய் மூன்றாம் கிழமை. நோன்பு தொடங்க முன்னர் வீடு முழுவதும் கழுவும் வேலை. பகல் ஒரு மணிக்கு, நனைந்த போர்வைகளை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் விரித்துக்கொண்டிருந்தேன். காலில் சதை பிடித்தது. தலை இடித்தது. கீழே வந்து இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு மறுபடியும் ஏறினேன். அதன் பிறகு நடந்தது எனக்கு ஞாபகம் இல்லை. மேலே போனவள் வரவில்லையென்று ஆள் அனுப்பியவர் வீட்டுக்காரரின் தாயார். எண்பது வயதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை 'யும்மா' என்பார்கள், நானும் அப்படித்தான். நான் தமிழில் என் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏதேதோ கதைத்துக்கொண்டிருந்தேனாம். மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, வேண்டாமா என்று நிற்க, யும்மா என்னை நிழலுக்கு இழுக்கச் செய்து, சட்டையைத் தளர்த்தி, நனைத்த விரிப்பால் சுற்றி, விசிறச் சொல்லியிருக்கிறார். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்தது அவருடைய பேத்தி. பிறகுதான் அம்புலன்ஸ். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள்.

அன்று அந்தக் கிழவி செய்த ஒழுங்குதான் சரியான ஒழுங்கு என்று பின்னர் தாதி ஒருவர் சொன்னார். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே கொண்டுபோக வேண்டும். வண்டி வரும் வரை பார்த்திருந்தால் அந்த நேரத்துக்குள் மூளை வெந்துவிடும். சதை பிடிப்பது, தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் என்பவை முதல் எச்சரிக்கை. அப்போதே வேலையை விட்டு நிழலில் கிடந்து, உப்புக் கலந்த நீராகாரம் குடித்தால் அநேகமாகத் தெளியும். பேச்சுத் தடுமாறினால், ஆளை ஆள் தெரியாவிட்டால், வலிப்பு வந்தால் அது வேறு. அது உயிருக்கு ஆபத்து. அங்கேயென்றால் உடனே 112க்கு அழைக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. என் பனடோல் வைத்தியமும் தவறு. காய்ச்சலுக்குக் கேட்கும் மருந்து வெயிற் சூட்டுக்குக் கேட்காது. அந்த நிலையில் ஈரலையும் கெடுக்கலாம்.

வேறொன்றும் தாதி சொன்னார். புதிய வெப்பத்துக்கு உடம்பு பழக ஒரு கிழமை முதல் இரண்டு கிழமை வரை வேண்டுமாம். முதல் நாட்களில் வெளிவேலையைக் கொஞ்சமாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூட்ட வேண்டும். ஜூன் மாதம் விமானத்தால் இறங்கி, மறுநாளே மொட்டைமாடியில் நின்ற என்னைப்போன்றவர்களுக்கு இதை யார் சொன்னார்கள்?

ஆஸ்பத்திரியால் வந்தபின் யும்மா என்னைத் தன் கண்ணுக்குள் வைத்துக்கொண்டார். எண்ணெய்ப் பணம் வருவதற்கு முந்திய குவைத்தை அறிந்தவர் அவர். குடிதண்ணீரைப் பாய்க்கப்பல்களில் ஷத்-அல்-அரப் ஆற்றிலிருந்து கொண்டுவந்து விற்ற காலம். ஏசி இல்லை. இரவில் எல்லோரும் மொட்டைமாடியில் படுப்பார்களாம். லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில் நாய்கூட வெளியே போகாது என்பார். வெளிவேலையை விடியவே முடி, இல்லாவிட்டால் இருட்டியபின் செய் என்று எனக்கு ஒழுங்கு வைத்தார். அரைமணிக்கு ஒருதரம் "இஷ்ரபி மாய்" என்று கத்துவார். தண்ணீர் குடி என்று அர்த்தம். மத்தியானத்தில் உப்புப் போட்ட லபன் தருவார். அது நமது மோர்தான். இஞ்சியும் கறிவேப்பிலையும் இல்லை, அவ்வளவே. கழிப்பறை விஷயத்தை ஒருநாள் அழுதுகொண்டு சொன்னேன். அன்றே கீழ்மாடியில் தன் அறையோடு சேர்ந்த குளியலறையைப் பாவிக்கச் சொல்லிவிட்டார். கேட்க மூன்று கிழமை பயந்தேன், கிடைக்க ஒரு நிமிடம். எல்லா வீட்டிலும் யும்மா இருக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

சட்டமும் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய, காலை 11 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று குவைத்தில் தடை. கட்டட வேலைத்தளங்களைப் பரிசோதகர்கள் வந்து பார்ப்பார்கள். மொட்டைமாடியில் துணி விரிக்கும் பணிப்பெண்ணை யார் வந்து பார்ப்பது? 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கென்றே வந்தது. ஒரு நாளில் 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை இல்லை, கிழமையில் ஒருநாள் ஓய்வு என்கிறது. போகிறவர்கள் இந்த இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு போவது நல்லது. ஜீவனிப் பக்கற்றுகளும், நீண்ட கையுள்ள தளர்ந்த பருத்திச் சட்டைகளும் பெட்டியில் வைக்க வேண்டியவை. பொலியெஸ்டர் வேண்டாம்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். அறையில் ஏசி நின்றுபோய் வெப்பம் 40 பாகையைத் தாண்டினால், காற்றாடி உடம்பில் அனலைத்தான் அடிக்கும். துணியை நனைத்துப் போர்த்துக்கொண்டு அதன் முன் இருந்தால் ஓரளவு ஆறும். சிறுநீர் தேத்தண்ணீர் நிறமானால் தண்ணீர் போதவில்லை. வீதியில் தாகம் வந்தால் வெட்கப்பட வேண்டாம். வழிப்போக்கருக்கென்று வீட்டு மதிலோரம் குளிர்நீர்க் குழாய் வைப்பது அங்கே தருமம். 'சபீல்' என்பார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் மாதிரி, ஆனால் ஆண்டு முழுவதும்.

2016 ஜூலை 21ஆம் திகதி, எங்கள் வீட்டிலிருந்து வடமேற்கே பாலைவனத்துக்குள் உள்ள மித்ரிபாவில் 53.9 பாகை செல்சியஸ் பதிவாகியது. உலக வானிலை அமைப்பு அதை 2019இல் உறுதிப்படுத்தியது. அன்று குருவிகள் ஏசி நீர் சொட்டும் இடத்தில் வாயைத் திறந்தபடி நெருக்கிக்கொண்டு நின்றன. நான் வெளியே போகவில்லை. அது எனக்கு நான்காவது கோடை; இருட்டியபின் உலர்த்தலாம் என்று துணியை நனைத்து வைத்துவிட்டேன். ஒருவரும் ஏசவில்லை.

அங்கே கோடை முடிவதை 'சுஹைல்' என்னும் நட்சத்திரத்தைக் கண்டு சொல்வார்கள். நமது பெரியவர்கள் அகத்தியர் என்று காட்டுவதும் அதே நட்சத்திரந்தான். அந்த ஆண்டு செப்டெம்பர் நடுவில், சுபஹுத் தொழுகைக்கு முன், யும்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். கண் மங்கிவிட்டது அவருக்கு. தெற்கே வீடுகளின் விளிம்புக்குச் சற்று மேலே பார் என்றார். முதலில் தூசிதான் தெரிந்தது. பிறகு கண்டேன். "இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது யும்மா" என்றேன். கீழே வந்து இரண்டுபேரும் தேநீர் குடித்தோம்.