கஞ்சரில் பொறித்த ஆண்டு



எங்கள் ராயபுரத்தில் கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துத் திரும்பியோர் பலர். அவர்கள் வீட்டுப் பழம்பொருளில் அரபு எழுத்து இருந்தால், படித்துச் சொல்ல மத்ரஸா ஆசிரியரை நாடுவது வழக்கம். சென்ற ஆண்டு ஓர் இளைஞர், மறைந்த தம் அத்தா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த வளைந்த குத்துவாளை என்னிடம் காட்டினார். தங்கையின் திருமணச் செலவுக்காக அதை விற்க எண்ணியிருந்தார். உறையில் அரபு எண்களில் 1390 என்றிருந்தது.

"600 ஆண்டுக்கு மேற்பட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், ஹஜ்ரத். பழம்பொருள் சேகரிப்பவர் ஒருவர் நல்ல விலை தருவார்" என்றார்.

அரபு நாட்டு வளைகத்திகள் எல்லாம் ஒன்றல்ல. யமன் நாட்டு ஜம்பியாவின் உறை, நுனியில் கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்திருக்கும். ஓமான் நாட்டுக் கஞ்சரின் உறையில் வெள்ளிக்கம்பி வேலைப்பாடும் வெள்ளி வளையங்களும் காணப்படும். 1970 முதல் ஓமானின் தேசியக் கொடியில் இருப்பது இதுவே. இளைஞர் கொண்டுவந்ததும் கஞ்சர்தான்.

ஆனால் அந்த 1390, ஹிஜ்ரி ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. எனவே அதை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்ட வேண்டும். விடை 1970. அதுவும் உறையின் வயதே. அலகும் பிடியும் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். சில பழைய வெள்ளிப் பொருள்களில் மரியா தெரசா நாணயம் கோக்கப்பட்டிருக்கும். அதிலுள்ள 1780ஐயும் நம்பலாகாது. அவ்வரசி மறைந்த பின்னரும் அதே ஆண்டைப் பொறித்தே அச்சிட்டு வந்தனர்.

பொய்யில் சட்டச் சிக்கலும் உண்டு. 100 ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகும். அதை வணிகம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் இயலாது. பிடி காண்டாமிருகக் கொம்பாக இருந்தால் விற்பதே குற்றம். இதன் பிடி மரம்.

"1970 என்றால் பாதி விலைகூடக் கிடைக்காதே!" என்று அவர் கலங்கினார். கல்யாணச் சுமையை நான் அறியாதவனல்லன். ஆயினும், கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தை வெளிக்காட்டிய நபி (ஸல்) அவர்களின் செயலை நாள்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவன் நான். மேலே உலர்ந்த தானியத்தைப் பரப்புவதும், 1390ஐக் கிறிஸ்தவ ஆண்டாக்குவதும் ஒன்றுதான். வாங்குபவருக்கு அரபு தெரியாது என்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

"தம்பி, உள்ளதை எழுதித் தருகிறேன்" என்று கூறி, "ஓமான் கஞ்சர், உறையில் ஹிஜ்ரி 1390, அதாவது கி.பி. 1970" என எழுதிக் கொடுத்தேன். வெள்ளியின் மதிப்புக்குச் சற்று மேலான விலைக்கே அது விற்றது. நிக்காஹ் எளிமையாக நடந்தேறியது. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட மறுமையில் அவரிடம் கேள்வி கேட்காது.

உண்மையைச் சொல்லி விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.