பைனல் கஸ்ரைன் வீதியில் ஒரு கணப்புச் சட்டி

ஜாமிஉல் அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலைவிட்டு வெளியேறி, பெருவீதிக்கு அடியில் செல்லும் சுரங்க நடைபாதையைக் கடந்தால், ஹுஸைன் பள்ளிவாசலின் முற்றமும் அதனை ஒட்டிய கான் அல் கலீலிக் கடைவீதியும் வந்துவிடுகின்றன. காஹிராவுக்குச் செல்லும் நம்மவர்கள் இங்கே பித்தளைத் தட்டும் அத்தரும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் சற்று உள்ளே சென்றால் ஒரு பெரும் நாவலுக்குள்ளேயே நடக்கலாம். 1988 இல் நோபல் பரிசு பெற்ற எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூஸ் (1911–2006) பிறந்த ஜமாலிய்யாப் பகுதி இதுதான். அன்னாரின் எல்லா நூல்களும் நமக்கு உவப்பானவை அல்ல; அது வேறு விவாதம். இங்கே சொல்ல விரும்புவது, சோற்றையும் காபியையும் கொண்டு அவர் கதை சொன்ன திறத்தைப் பற்றி.

காபிக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அஸ்ஹரில் தங்கியிருந்த யமன் நாட்டு ஸூஃபிகள் இரவுத் திக்ருக்கு விழித்திருக்க இதனைப் பருகினர். போதை தரும் பானமோ என்ற ஐயம் எழுந்து, 1511 இல் மக்காவில் தடையும் விதிக்கப்பட்டது. தடை நிலைக்கவில்லை, காபி நிலைத்துவிட்டது. இன்று ஃபிஷாவிக் காபிக் கடையில் பெரிய நிலைக்கண்ணாடிகளுக்கு எதிரே அமர்ந்து புதினாத் தேநீர் பருகுவோரில் எத்தனை பேருக்கு அந்த ஃபத்வாச் சண்டைகள் தெரியுமோ!

அருகிலேயே இருக்கிறது ‘ஸுகாக் அல் மிதக்’ என்னும் முட்டுச்சந்து. பெயர் கேட்டுப் பெரிதாக எண்ணிச் சென்றால் ஏமாற்றமே. நாலெட்டு வைத்தால் முடிந்துவிடும். 1947 இல் வெளியான அதே பெயருடைய நாவல் அங்குள்ள ஒரு காபிக் கடையில்தான் தொடங்குகிறது. இருபது ஆண்டுகளாக ரபாபா இசைத்துக் காவியம் பாடிவந்த முதிய பாடகரைக் கடைக்காரர் வெளியேற்றுகிறார். கடைக்கு வானொலி வந்துவிட்டது. ஒரு காலம் மறைந்து மறுகாலம் பிறப்பதைச் சொல்ல அவருக்கு ஒரு காபிக் கடையே போதுமாயிற்று. அதே சந்தில் ரவையும் நெய்யும் சீனிப்பாகும் சேர்ந்த பஸ்பூஸா விற்கும் பருத்த உடலினரான காமில், கடை வாயிலிலேயே உறங்கி வழிகிறார். செல்வரான வணிகர் ஒருவரோ, பச்சைக் கோதுமையும் புறா இறைச்சியும் சாதிக்காயும் சேர்த்த தனித்தட்டு ஒன்றை நாள்தோறும் ரொட்டிக்கடை அடுப்பில் சமைப்பித்து, இளமை திரும்பும் என்று நம்பி உண்கிறார். பிறகு நெஞ்சு நோய் அவரைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தட்டைப் பற்றிப் படித்த பிறகு அவருடைய பேராசையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் உணவின் முழு ஆற்றலையும் காணவேண்டுமானால் முத்தொகுதி நாவலுக்கே வரவேண்டும். 1956, 1957 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அந்த மூன்று பாகங்களும் இங்குள்ள மூன்று தெருக்களின் பெயரையே தாங்கியவை: பைனல் கஸ்ரைன், கஸ்ருஷ் ஷவ்க், சுக்கரிய்யா. முதற் பாகத்தின் காலை உணவை நான் மறப்பதற்கில்லை. தந்தை ஸய்யித் அஹ்மத் அமர்ந்த பிறகு மூன்று மகன்களும் வந்து தலைகுனிந்து அமர்கிறார்கள். நெய்யில் பொரித்த மொச்சையும் முட்டையும், சுடச்சுட ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய் எலுமிச்சை எல்லாம் நடுவே இருக்கின்றன. தந்தை கை வைத்த பிறகே மற்றவர் கை நீளும். தாய் ஆமினா நீர்க்குவளையுடன் காத்து நிற்கிறார். பெண்களின் பசி பிறகுதான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ட நமக்கு, பொதுத்தட்டு அன்பின் அடையாளம். அந்த வீட்டிலோ அதே தட்டின்மேல் அச்சம் கவிந்திருக்கிறது. நம் வீடுகளிலும் அடுப்படியில் கடைசியாக உண்ணும் தாய்மார் இல்லையா என்று வாசக சகோதரர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

தந்தை கடைக்குத் திரும்பிய பின், மாலை மங்கும் வேளையில், அதே வீட்டில் வேறொரு சபை கூடுகிறது. தாய் கணப்புச் சட்டியில் காபி கொதிக்க வைக்கிறார். மகன்களும் மகள்களும் சுற்றி அமர்ந்து கேலி பேசுகிறார்கள். அந்த ஒரு நாழிகைதான் அவர்கள் குடும்பமாக வாழும் நேரம். தந்தைக்கு அந்தக் காபியில் பங்கு இல்லை. தொழுகையும் கண்டிப்பும் உள்ள அவர், வீட்டில் காட்டாத சிரிப்பையெல்லாம் இரவில் நண்பர்களோடு மதுக்கிண்ணத்தில் செலவிடுகிறார். இதனாலேயே நாவலைத் தொடமாட்டேன் என்போர் உண்டு. ஹராமை எழுதுவதும் ஹராமைப் போற்றுவதும் ஒன்றல்ல என்பதே என் கருத்து. கதை நகர நகர இரத்த அழுத்தம் வருகிறது. மருத்துவர் மதுவை விலக்கச் சொல்கிறார். ஒருகாலத்தில் தான் உண்ணத் தொடங்கும்வரை எவரையும் உண்ணவிடாதவர், அளந்து தரப்படும் சிற்றுணவுக்குக் காத்திருக்கிறார். இதைவிடக் கடுமையான பயானை நான் கேட்டதில்லை.

சுக்கரிய்யாத் தெரு, முயிஸ் வீதியின் தென்கோடியில் பாபு ஸுவைலாக் கோட்டைவாயிலுக்கு உட்புறம் இருக்கிறது. பெயரிலேயே சீனி உண்டு. நாவலோ மூன்றிலும் கசப்பானது. 1919 ஆம் ஆண்டு எழுச்சியில் நடுமகன் ஃபஹ்மி சுடப்பட்டு இறந்து பதினாறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. பாகத்தின் தொடக்கத்தில் அதே கணப்புச் சட்டி எரிகிறது. அதன்மேல் குளிர்காயும் கைகளை ஆசிரியர் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்: ஆமினாவின் மெலிந்த கை, கணவனையும் ஆண்மக்களையும் நோய்க்குப் பறிகொடுத்துத் தாய்வீடு திரும்பிவிட்ட மகள் ஆயிஷாவின் கை, வேலைக்காரி உம்மு ஹனஃபியின் கை. கேலி பேசிய மகன்களில் ஒருவரும் அங்கே இல்லை.